வெள்ளைக்கல் நகரிலிருந்து கொல்காப் பள்ளத்தாக்கு வரை

அல்பாகா என்னும் விலங்கின் பெயரை நமது அங்கத்தினருள் சிலர் கேட்டிருக்கலாம். ஆட்டினும் பெரியது, ஒட்டக இனத்தைச் சேர்ந்தது, ஆனால் திமில் கிடையாது. நீண்ட கழுத்தும் அடர்ந்த ரோமமும் உடையது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் அது மந்தை மந்தையாக மேய்கின்றது. உலகிலுள்ள அல்பாகாக்களில் மிகப் பெரும்பகுதி பெரு நாட்டிலேயே இருக்கின்றது. 2012-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சர்க்கார் எடுத்த விவசாயக் கணக்கில் அவற்றின் தொகை 36 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. அந்த ரோமம் மேய்ப்பவன் கையிலிருந்து எவ்வெவர் கைக்குப் போகின்றது, எந்தப் படியில் அதன் விலை ஏறுகின்றது என்பதை நேரில் பார்க்க விரும்பியே நாம் அரெக்கிப்பா நகருக்குப் பிரயாணமானோம். வழியில் காணத்தக்க வேறு பலவும் இருந்தன, அவற்றையும் விடவில்லை.

அரெக்கிப்பா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நமது உதகமண்டலத்தைக் காட்டிலும் சற்றே உயரம். ஆயினும் உதகையின் மழையும் பசுமையும் அங்கே கிடையா. கடற்கரையிலிருந்து ஏறிச் செல்லும் வழி முழுவதும் பாலைநிலம். புல்கூட முளைக்காத மணல்மேடுகள். திடீரென்று சிலி என்னும் சிற்றாற்றின் இருமருங்கும் பச்சை வயல்கள் தோன்றுகின்றன. வெங்காயமும் பூண்டும் அங்கே ஏராளம். பெரு நாட்டில் வெங்காயம் மிகுதியாக விளையும் பிரதேசம் இதுவே. வயல்களுக்கு அப்பால் நகரம்; நகரத்துக்குப் பின்னால் 5,822 மீட்டர் உயரமுள்ள மிஸ்தி என்னும் எரிமலை. நெற்குவியலைப்போல ஒழுங்காகக் கூம்பி நிற்கும் அம்மலை நகரத்தின் எந்தத் தெருமுனையிலிருந்து நோக்கினும் கண்ணுக்குப் படுகின்றது.

இந்நகரை ஸ்பானியர் 1540-இல் நிறுவினர். பழைய வீடுகளும் கோயில்களும் சில்லார் என்னும் வெள்ளைக் கல்லால் கட்டப்பட்டவை. எரிமலை கக்கிய சாம்பல் இறுகிக் கல்லானதே சில்லார். மென்மையானது, கனமும் குறைவு. நகரின் ஓரத்திலுள்ள கல்லுடைக்கும் இடத்தில் இன்றும் சம்மட்டியும் உளியும் கொண்டே அதனைப் பிளக்கின்றனர். நாற்புறமும் சதுரமாகச் செதுக்கி முடிந்த கல்லை அடுக்கிவைத்துவிட்டு, வாங்குகிறவன் வருகைக்காக வெயிலில் உட்கார்ந்திருந்த இருவரைக் கண்டோம். நகரின் புகழுக்கெல்லாம் இந்தக் கல்லே காரணம். அதை உடைப்பவன் வீட்டுச் சுவரோ வெறும் செங்கல்.

நில அதிர்ச்சி அங்கே அடிக்கடி உண்டு. 2001-ஆம் ஆண்டு ஜூன் மாத அதிர்ச்சியில் பெரிய மாதாகோயிலின் கோபுரங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. பின்பு திரும்பக் கட்டிவிட்டார்கள். 1579-இல் தோன்றிய சாந்தா கத்தலீனா கன்னிமாடத்தையும் பார்த்தோம். தெருக்களும் முற்றங்களும் கொண்டு ஊருக்குள் ஓர் ஊராக விளங்கும் அம்மடம், 1970 வரையில் வெளியாருக்குத் திறக்கப்படாமலே இருந்தது.

நெசவாளர் தவறாமல் பார்க்கவேண்டியது வேறொன்று. பல்கலைக்கழகக் காட்சிசாலை ஒன்றில், உறைகுளிர் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு சிறுமியின் உடல் பாதுகாக்கப்பட்டிருக்கின்றது. 500 ஆண்டுகளுக்கு முன் இன்கா அரசர் காலத்தில், 6,000 மீட்டரைத் தாண்டிய அம்பாத்தோ மலையுச்சியில் தெய்வத்துக்குப் பலியிடப்பட்டவள் அவள். 1995-இல் யோஹான் ரைன்ஹார்டு என்னும் ஆராய்ச்சியாளரும், மிகெல் சராத்தே என்னும் மலையேறுபவரும் அவ்வுடலைக் கண்டெடுத்தனர். பார்க்க நெஞ்சு கனக்கின்றது. அதிக நேரம் நிற்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவளோடு கிடைத்த மலைநாட்டு ரோமத் துணிகளின் முன் வெகுநேரம் நின்றோம். இழைகளின் நெருக்கத்தைப் பார்த்தால், விசைத்தறி எதுவும் நாணவேண்டும். பாவை இரு கோல்களுக்கிடையே இழுத்துக் கட்டி, ஒரு கோலைத் தன் இடுப்புவாரில் மாட்டிக்கொண்டு, உடம்பையே பளுவாக்கி நெய்யும் முறை அவர்களுடையது. அச்சும் கிடையாது, மிதியும் கிடையாது. மிதித்தறி ஸ்பானியரோடு வந்தது. அத்துடன் கட்டாய வேலை வாங்கும் நெசவுக்கூடங்களும் வந்தன.

இனி, நாம் தேடி வந்த விஷயத்துக்கு வருவோம்.

1836-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிராட்போர்டு நகரத்து டைட்டஸ் சால்ட் என்பவர் அல்பாகா ரோமத்தை ஆலையில் நூற்கும் வகையைக் கண்டு பெருஞ்செல்வரானார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் இதற்குக் கிராக்கி ஏற்பட்டது. 1870-71-இல் கடற்கரையிலிருந்து அரெக்கிப்பாவுக்கு ரயில் பாதை வந்துசேரவே, மலையிலிருந்து இறங்கும் ரோமமெல்லாம் இந்நகரக் கிடங்குகளில் குவியலாயிற்று. இன்றும் அப்படியே. அந்நாட்டுப் பெரிய நூற்பாலைகள் இங்கேதான் இருக்கின்றன.

அத்தகைய கிடங்கு ஒன்றினுள் நுழைந்தோம். நீண்ட கூடம், இருபுறமும் மேஜைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். மூட்டையைப் பிரித்து ஒரு விலங்கின் ரோமத்தை முழுப் போர்வைபோல மேஜைமீது விரிக்கிறாள். கண் ஒரு பக்கம் பார்க்க, விரல்கள் தாமாகவே பிரித்துப் பிரித்துச் சுற்றிலுமுள்ள கூடைகளில் எறிகின்றன. முதுகிலும் விலாவிலும் உள்ள ரோமம் மெல்லியது. வயிற்றிலும் காலிலும் உள்ளது முரடு. ஆகையால் ஒரே விலங்கின் ரோமம் நாலைந்து கூடைகளுக்குப் போகின்றது. இப்பெண்களை மாயெஸ்த்ரா, அதாவது ஆசிரியை, என்று மரியாதையாக அழைக்கிறார்கள். விரல்களுக்கு இந்தப் பழக்கம் ஏறப் பல ஆண்டுகள் ஆகுமாம்.

தரம் என்பதற்கு அங்கே திட்டமான அளவு உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். இழையின் கனம் 23 மைக்ரானுக்கு மேற்படாதது ‘பேபி’ என்னும் முதல் தரம். குட்டியின் ரோமம் என்று கடைகளில் இதற்குப் பொருள் சொல்லி விற்பவர்கள் உண்டு, அது சரியன்று. வயதான விலங்கின் முதுகிலும் மெல்லிழை இருந்தால் அதுவும் ‘பேபி’தான். 23-க்கு மேல் 26.5 வரை இரண்டாவது. பிறகு 29 வரை, 31.5 வரை என்று இறங்கி, அதற்கு மேற்பட்டதெல்லாம் முரடு எனத் தள்ளப்படுகின்றது. முதல் தரத்தின் விலை முரட்டு ரோமத்தின் விலையைப்போலப் பல மடங்கு. நிறத்திலும் விஷயம் இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என இயற்கையிலேயே 20-க்கு மேற்பட்ட நிறங்கள் அல்பாகாவுக்கு உண்டு. எந்தச் சாயமும் ஏறும் என்பதற்காக ஆலைகள் வெள்ளையையே விரும்பிக் கேட்டதால், நிறமுள்ளவை மந்தைகளில் அருகிவிட்டன. சாயமே வேண்டாத நூலை வாங்குவோர் இப்போது மீண்டும் தேடுகின்றனர். தேடும்போது மந்தையில் இல்லை.

மேஜையின் எதிரே நின்றுகொண்டு, இந்த மூட்டைக்கு உரியவன் யார் என்று வினவினோம். யாருக்கும் தெரியவில்லை. அது நகருக்கு வருமுன் மூன்று கைகள் மாறியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் விடியற்காலையில் வடக்கே சிவாய் என்னும் ஊருக்குப் புறப்பட்டோம். தூரம் சுமார் 160 கிலோமீட்டர்தான்; ஆனால் சாலை மிஸ்தியையும் சச்சானியையும் சுற்றிக்கொண்டு ஏறுகின்றது. 4,000 மீட்டர் உயரத்தில் காப்பு நிலமாக வைக்கப்பட்டுள்ள புல்வெளியில் விக்குன்யாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மான் போன்ற மெல்லிய உடல். இவை அல்பாகாவின் காட்டு உறவு. இவற்றின் ரோமம் 12, 13 மைக்ரானே; உலகில் இதனினும் மெல்லிய கம்பளி கிடைப்பது அரிது. துப்பாக்கியால் சுட்டுத் தோலுரித்ததன் விளைவாக 1960-களில் சில ஆயிரமே எஞ்சி நின்றன. பின்பு ஏற்பட்ட காவலினால் 2012-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டின. இப்போது மலைக்கிராம மக்கள் ஊரோடு கூடி, கயிற்றை நீளப் பிடித்துக்கொண்டு, அவற்றை வளைத்துப் பிடித்துக் கத்தரித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுகின்றனர். இன்காக்கள் காலத்து வழக்கம் இது. சாக்கு என்று பெயர்.

4,910 மீட்டர் உயரமுள்ள பாத்தாபம்பா கணவாயில் வண்டியைவிட்டு இறங்கினோம். பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டியது. கோக்கா இலையைக் கொதிநீரில் இட்டுக் கொடுத்தார்கள். தலைவலி தணிந்தது என்றே சொல்லவேண்டும். வழிப்போக்கர் மலைத்தெய்வத்துக்காகக் கல்மேல் கல் அடுக்கிய சிறுசிறு தூண்கள் எங்கு பார்த்தாலும் நின்றன. இத்தனை உயரத்திலும் தூரத்தே ஒரு மந்தையும், அதன் பின்னே கையில் தக்ளி சுழல நடந்துசெல்லும் ஒரு பெண்ணும் தென்பட்டனர்.

அங்கிருந்து சாலை சரேலென்று இறங்கிக் கொல்காப் பள்ளத்தாக்கை அடைகின்றது. கொல்கா என்னும் சொல்லுக்குக் கெச்சுவா மொழியில் தானியக் களஞ்சியம் என்று பொருள். மலைச் சுவர்களில் ஒதுங்கலான இடங்களில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய பழைய களஞ்சியங்களை இன்னும் காணலாம். பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் ஆற்றோரம் தொடங்கி மேலே மேலே படிப்படியாக வயல்கள்; ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பு. இன்காக்களுக்கும் முற்பட்ட காலத்தில் கல்லணை எழுப்பி மண் நிரப்பியவை அவை. பகலில் வெயிலை உண்ட கல், இரவில் உறைபனி பயிரைத் தாக்காதவாறு சூடு கொடுக்கின்றது. மக்காச்சோளம், வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, பெரிய அவரை, கினோவா ஆகியவை விளைகின்றன. ஆனால் மேற்படிகளில் பெரும்பகுதி இன்று தரிசு. 1570-களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ, சிதறியிருந்த மக்களைக் கோயிலைச் சுற்றி நேர்த்தெருக்கள் அமைந்த புதிய ஊர்களில் குடியேற்றினார். நோயும் சுரங்க வேலையும் மக்களைக் குறைத்தன, தண்ணீரும் போதவில்லை.

இங்கே கொல்லாகுவர், கபானர் என இரு பழங்குடியினர் உளர். முற்காலத்தில் குழந்தையின் தலையைக் கட்டிவைத்து, ஒரு சாரார் நீளமாகவும் மற்றவர் தட்டையாகவும் வடிவாக்கினராம். அது தடுக்கப்பட்டது. இப்போது பெண்களின் தொப்பியைக்கொண்டு இனம் அறிகிறார்கள். பூக்கட்டிய வெள்ளைத் தொப்பி ஒரு சாராருக்கு. முழுதும் சித்திரப்பூவேலை செய்த தொப்பி மற்றவர்க்கு. இந்தப் பூவேலை ஊசியால் கையில் தைத்ததென்று நாம் எண்ணினோம். அன்று, மிதித் தையல் இயந்திரத்தில் துணியைக் கையால் திருப்பித் திருப்பிப் பறவையும் மீனும் பூவும் வரைகின்றனர். ஆண்களும் இதைச் செய்கின்றனர். சிவாய்ச் சந்தையில் அத்தகைய ஒரு தொழிலாளியின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றோம். முன்னே வரைபடம் எதுவும் இல்லை.

அவரிடமிருந்த சிவப்பு நூலைப் பார்த்ததும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்தி எடுப்பதே கொச்சினீல் என்னும் சிவப்புச் சாயம். உலகில் அதனை மிகுதியாக உற்பத்தி செய்வது இன்றும் பெரு நாடே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கும்பெனியின் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தச் சாயத்தொழிலை நம் நாட்டில் நிலைநாட்ட விரும்பிச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்துசேர்ந்தது. ஆனால் வந்தது மட்டமான இனம். தொழில் நிலைக்கவில்லை.

சிவாயிலிருந்து மேற்கே செல்லச் செல்ல ஆறு கீழே கீழே போகின்றது. சுமார் 40 கிலோமீட்டரில் கொண்டோர் சிலுவை என்னும் இடம். அங்கே காலை வேளையில் 3 மீட்டர் சிறகுவிரிவுள்ள கொண்டோர்க் கழுகுகள், வெயிலேறிய காற்றைப் பற்றிக்கொண்டு, சிறகசைக்காமலே நம் காலடியிலிருந்து எழும்புகின்றன. மலையுச்சியிலிருந்து ஆற்றுமட்டம் வரை அளந்தால் பள்ளத்தின் ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். பார்த்தவர்கள் எல்லோரும் எழுதிய காட்சி இது. நாம் புதிதாகச் சொல்வதற்கு இல்லை.

அதற்கப்பால் உள்ள கபனகொந்தே என்னும் ஊரைப் பற்றித்தான் நமது விவசாய அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டும். மக்காச்சோளத்துக்குப் பேர்போன ஊர். ஹுவால்கா ஹுவால்கா என்னும் பனிமலையிலிருந்து வரும் நீரே அதற்கு ஆதாரம். ஊர் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதிக்கும் நம் ஊர் நீர்க்கட்டி போன்ற ஒரு நீர்த்தலைவர் உண்டு. பாம்புத்தலைக் கோலைத் தாங்கி முறைவைத்து மடை திறப்பவர் அவர். 1970-களில் அந்நாட்டுச் சர்க்கார், கொல்கா ஆற்று நீரைத் திருப்பி, கடற்பக்கமுள்ள மாஹேஸ் பாலையைச் சாகுபடிக்குக் கொண்டுவரத் திட்டமிட்டனர். சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய், பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே வெட்டப்பட்டது. கால்வாய் இவ்வூர்களின் தலைக்கு மேலேயே ஓடியது. இவ்வூர்களுக்கு அதிலிருந்து ஒரு மடைகூட இல்லை. கேட்டார்கள், மனுக்கொடுத்தார்கள், பயனில்லை. 1983-இல் கடும் வறட்சி. சோளம் கருகியது. கபனகொந்தே மக்கள் சென்று கால்வாயை உடைத்து நீரைத் தம் வயலுக்குத் திருப்பிவிட்டனர். போலீஸ் வந்தது. உடைத்தவர் யார் என்று விசாரித்தபோது ஊர் முழுவதும் ஒன்றாக நின்றது. இறுதியில் சர்க்கார் இறங்கிவந்து ஒரு பங்கு நீரை ஒப்புக்கொண்டனர். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பின்னர் மடை கிடைத்தது. முன்னின்ற பதினொருவரை ஊரார் வீரர்கள் என்றே இன்றும் குறிப்பிடுகின்றனர்.

கால்வாயை உடைப்பது சரியா என்று நம்மைக் கேட்டால், பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவதை ஆதரித்து எழுத நமக்கு விருப்பமில்லை. ஆயினும் ஊர்த் தண்ணீரை ஊருக்கு மேலேயே கொண்டுபோய், கீழிருப்பவனைக் கலக்காமல் படம் வரைந்த பொறியியல் எத்தகையது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. மாஹேஸ் பாலையிலும் இன்று பசும்பயிர் நிற்கிறது. அங்கும் உழைப்பவன் குடியானவனே. அதனால் இந்த வழக்குச் சுலபமானதன்று.

திரும்பும் வழியில், கணவாய்க்கு இப்புறம், மேய்ப்பர்கள் வசிக்கும் ஒரு மேட்டுக் கிராமத்தில் தங்க நேர்ந்தது. அங்கேதான் அரெக்கிப்பாக் கிடங்கில் நாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. மேய்ப்பர் ரோமத்தைக் கத்தரித்துச் சாக்கில் கட்டிவைப்பார். வியாபாரி வண்டியோடு வந்து ராத்தல் கணக்கில் நிறுத்து வாங்குவார். மெல்லியது, முரடு என்ற பிரிவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விலை. இதற்கு அவர்கள் மொழியில் ‘அல் பார்ரேர்’ என்று பெயர்; துடைப்பத்தால் ஒட்டக் கூட்டி வாருவது என்று பொருள். பிரிக்கிற வேலை நகரத்தில் நடக்கின்றது. பிரிப்பதால் ஏறும் விலையும் நகரத்திலேயே தங்கிவிடுகின்றது. நல்ல கடாவைத் தேர்ந்து மந்தையை மெல்லிழைக்குக் கொண்டுவந்தவனுக்கும் அதே விலை. கவனியாமல் விட்டவனுக்கும் அதே விலை. மந்தையை மேம்படுத்த எவனுக்கு மனம் வரும்?

இதனை மாற்றவே சில இடங்களில் மேய்ப்பர் ஒன்றுசேர்ந்து, ரோமத்தைத் தம் ஊரிலேயே சேர்த்து, பயின்ற பெண்ணைக் கொண்டு தரம் பிரித்து, மொத்தமாக விற்க முற்பட்டுள்ளனர். கூட்டுறவு என்ற சொல்லைச் சொன்னதும் முதியவர்கள் சற்றே தயங்குகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. 1969-இல் அந்நாட்டு ராணுவ ஆட்சியினர் நிலச்சீர்திருத்தம் செய்து, பெரிய பண்ணைகளைக் கூட்டுறவுகளாக மாற்றினர். மேலிருந்து வந்த உத்தரவில் பிறந்த அவற்றில் பல, 1980-களில் கலைந்து நிலம் பங்கு போடப்பட்டது.

நாம் தங்கிய அன்று அங்கே ரோமம் சேர்க்கும் நாள். வெட்டவெளியில் ஒரு மேஜை, ஒரு தராசு. நகரத்திலிருந்து கூலிக்கு வரவழைத்த ஒரு மாயெஸ்த்ரா. ஐந்து குவியல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முன்பணமாகப் பாதி, விற்றபின் மீதி. இருநூறு தப்படி தூரத்தில் ஒரு வியாபாரியின் லாரி நின்றது. அங்கே விலை குறைவு. ஆனால் முழுப்பணமும் உடனே.

ஒரு மூதாட்டி இரண்டு சாக்குகளை லாமாவின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு சாக்கை மேஜைமேல் அவிழ்த்தார். மற்றதை இறக்கவில்லை. சங்கத்துக் கணக்குப்பிள்ளை, அந்தச் சாக்கும் வரலாமே அம்மா என்றார். பேரனைச் சிவாயில் வைத்தியரிடம் காட்டவேண்டும், மீதிப் பணம் வரும்வரை காய்ச்சல் காத்திருக்குமா என்று அவர் கேட்டார். கணக்குப்பிள்ளைக்குப் பதில் இல்லை; நமக்கும் இல்லை. சாக்கு லாரிக்குப் போயிற்று. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அந்த அம்மாள் மேஜைக்கே திரும்பி வந்தார். அவருடைய முதற்சாக்கில் பாதிக்கு மேல் முதல் இரண்டு கூடைகளுக்குச் சென்றிருந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலும். முதற்கூடையிலிருந்து ஒரு பிடியும், கடைசிக் கூடையிலிருந்து ஒரு பிடியும் எடுத்து, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்தார். எப்படித் தெரிகிறது என்று மாயெஸ்த்ராவைக் கேட்டார். அந்தப் பெண் வேலையை நிறுத்தி, மூதாட்டியின் விரலைப் பிடித்து இழையின்மேல் வைத்துக் காட்டினாள்.

பொழுது சாயுமுன் கணவாயைக் கடக்கவேண்டும் என்று வண்டியோட்டி அவசரப்படுத்தினார். லாரி நமக்கு முன்னே புறப்பட்டுச் சென்றுவிட்டது.